யார் கையில் யார் விளக்கு

எங்கள் வரிசையில் ஒரு வீட்டுச் சுவிட்சைப் போட்டால் இன்னொரு வீட்டு விளக்குதான் எரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெண் பார்க்கவும் சாவு வீட்டில் துட்டி கேட்கவும் ஓட்டுக் கேட்கவும் வருகிற வெளியூர்க்காரர்கள் இருட்டில் சுவரைத் தடவிச் சுவிட்சைப் போட்டுவிட்டு, எரியவில்லையே என்று மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருப்பார்கள். அதே நேரம் நாலு வீடு தள்ளி ஒருத்தி, தலைக்கு மேலே விளக்கு அணைந்து அணைந்து எரிய, தாளிப்புக் கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து, எந்த வீட்டு விருந்தாளி அது, கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுங்க என்று கத்துவாள். எங்களுக்கு இது பழகிவிட்டது. பழகாமல் என்ன செய்வது, விளக்கில்லாமலா இருக்க முடியும்?

தூத்துக்குடிக்கு வடக்கே, எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசவைக்கும் இடத்தில், எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு தெரு, தெரு முனையில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான் எங்கள் குடியிருப்பு. காற்றே உப்பு. கதவுக் கீல் துருப்பிடித்துக் கையோடு வந்துவிடும், சைக்கிள் செயின் ஒரு மழைக்காலம் தாங்காது, கல்யாணத்துக்கு வாங்கிய பீரோ, பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்குள் கால் அரித்து ஒரு பக்கமாகச் சாயும். வீடு கட்டின காலத்தில் மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓட்டியிருந்த ஒயரையும் அந்த உப்பு விட்டுவைக்கவில்லை. கிளிப்புகள் பொடிந்து உதிர்ந்தன, ஒயர்கள் தொங்கின, மழை பெய்தால் சுவரைத் தொட்டவர்களுக்கெல்லாம் சுரீர் என்று அடித்தது. ஆகவே ஒரு ஐப்பசி மாதம், உப்பளங்கள் மழைக்கு மூடிக் கிடந்து எல்லோரும் வீட்டில் முடங்கியிருந்த நேரத்தில், மொத்தக் குடியிருப்புக்கும் புது ஒயரிங் செய்வது என்று முடிவாகி, ஞானதிரவியத்தைக் கூட்டிவந்தோம்.

ஞானதிரவியம் ஒயரிங் வேலைக்காரர். கோவில்பட்டியிலிருந்து திருச்செந்தூர்வரை தன் கை படாத கல்யாண மண்டபம் இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். தெரு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து, விளக்குக்குக் கரண்டு கொண்டுபோவதில் ரெண்டு தினுசு இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணு லூப்பு. ஊசியில பூக்கோக்குத மாதிரின்னு வச்சுக்கோங்க. ஒயரு ஒரு விளக்குக்குள்ள போயி, அதுலேர்ந்தே வெளிய வந்து, அடுத்த விளக்குக்குப் போவும். நடுவுல எங்கயும் முடிச்சு கெடையாது. இன்னொண்ணு பெட்டி. அது பஸ் ஸ்டாண்டு மாதிரி. எல்லா ஒயரும் ஒரு ரவுண்டு பெட்டிக்குள்ள வந்து எறங்கி, அங்கேருந்து ஆளுக்கொரு பக்கமா பிரிஞ்சு போவும். லூப்புக்கு ஒயரு நெறைய இழுக்கும். பெட்டிக்கு ஒயரு கொஞ்சம், முடிச்சு நெறைய. ஒங்களுக்கு எது வேணும், சொல்லுங்க."

நமக்குத் தெரியாத விஷயத்தில்தான் நமக்கு அபிப்பிராயம் அதிகம். அன்று மத்தியானம் முழுக்கப் பேசி, முடிச்சு இருக்கிற இடத்தில்தான் உப்பு முதலில் பல்லை வைக்கும், ஆகவே முடிச்சே இல்லாத லூப்புதான் சரி என்று தீர்மானித்தோம். அதுவரை நாங்கள் செய்ததில் தப்பில்லை. அதற்குப் பிறகு செய்ததுதான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடியது. ஒரு வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம் என்றார் ஞானதிரவியம். அது எங்களுக்குச் சரிப்படவில்லை. உப்பு வாரும்போது ஒருத்தர் முன்னால் போக ஒருத்தர் பின்னால் வருகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. எல்லோரும் பலகையைப் பிடித்து ஒரே வரிசையாக நின்று ஒரே குரலுக்கு ஒரே இழுப்பாக இழுப்போம், எங்கள் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. எனவே எல்லா வீட்டுக் குழாய்க்குள்ளும் ஒரே சமயத்தில் ஒயரை நுழைத்து, ஆண்கள் ஸ்டூலில் நிற்க, பெண்கள் கீழே நிற்க, தையல் மிஷின் வைத்திருக்கும் ஜெயசீலி தண்ணீர்த் தொட்டியடியில் நின்று ஏலா ஏலோ என்று குரல் கொடுக்க, மொத்தக் குடியிருப்பும் சேர்ந்து ஒரே மூச்சில் இழுத்தது. ஞானதிரவியம் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வேலை சுருக்காக முடிந்தது.

முதல் நாள் சாயங்காலம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. விளக்கு வைக்கும் நேரம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதானே, எல்லோரும் ஒரே சமயம் சுவிட்சைப் போட்டார்கள், எல்லா விளக்கும் எரிந்தது, ஞானதிரவியத்துக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தோம். போடும்போது ஒற்றுமையாக இருந்தவர்கள் அணைக்கும்போது மாட்டிக்கொண்டோம். சீரியல் முடிந்து ஜெயசீலி தன் விளக்கை அணைத்தாள். அவள் விளக்கு அசையவில்லை, தெரு நடுவில் இருக்கும் பேச்சித்தாய் வீடு இருண்டது. பேச்சித்தாய் எழுந்து தன் சுவிட்சைத் தட்டினாள். அவள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அங்கே ஒருத்தர் தட்ட இங்கே ஒருத்தர் இருள, அன்றைக்கு நாங்கள் எல்லோரும் தெருவில் நின்று போட்ட சத்தம் உப்பளக் காவல்காரரை ஓடிவரச் செய்தது.

மறுநாள் ஞானதிரவியம் வந்து ஒவ்வொரு வீடாகத் திறந்து பார்த்தார். டெஸ்டரை வைத்த இடத்திலெல்லாம் அது முறைப்படி எரிந்தது. ஒயர் போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிருந்தது. ஃபேனும் டிவியும் அவரவர் வீட்டுக்கே கட்டுப்பட்டன, விளக்கு மட்டும் கட்டுப்படவில்லை. எல்லோரும் சேர்ந்து இழுத்ததால் என்றார்கள் சிலர், வேலை ஆரம்பித்த நேரம் சரியில்லை என்றார்கள் சிலர். கொஞ்ச நாள் அதைப் பற்றிப் பேசிவிட்டு, காரணம் தெரிந்தால் மட்டும் விளக்கு திரும்பி வந்துவிடுமா என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டோம்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு புதுச் சொந்தம் முளைத்தது. யார் கையில் நம் விளக்கு இருக்கிறதோ அவர் நமக்கு விளக்குக்காரர். கல்யாணப் பேச்சில் குலம் கோத்திரம் கேட்ட கையோடு, மாப்பிள்ளை வீட்டுக்கு விளக்குக்காரர் யார், ஆள் தங்கமானவரா என்று விசாரித்தார்கள். விளக்கை அணைப்பதற்கு முன் வாசலில் நின்று ஒரு செருமல் செருமுவது மரியாதையாயிற்று. வெளியூர் போகிறவர்கள், வீட்டுச் சாவியை விளக்குக்கு உரியவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாயிற்று. மீன்குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் விளக்குக்காரருக்குப் போயிற்று. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாலும் உள்ளே விளக்கு போடவும் அணைக்கவுமாக இருந்ததால், திருட வந்தவன் ஒருவன் இந்த ஊரில் ஆட்கள் தூங்குவதே இல்லை என்று பக்கத்து ஊரில் போய்ச் சொன்னதாகக் கேள்வி. நல்லதும் இருந்தது, தொல்லையும் இருந்தது, எதற்குத்தான் இரண்டும் இல்லை.

யாருக்கு யார் என்று எல்லா வீட்டுக்கும் தெரிந்த பிறகும் பேச்சித்தாயின் சுவிட்சு மட்டும் யாருடையது என்று தெரியாமல் இருந்தது. அதே மாதிரி அவளுக்கு நேர் எதிர்வீட்டு முத்துமாலைக்கு விளக்குக்காரர் யார் என்பதும் தெரியாமல் இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எங்கள் யாருக்கும் அறிவு இல்லாமலில்லை. தைரியம்தான் இல்லை.

முத்துமாலை பேச்சித்தாயின் கூடப்பிறந்த தம்பி. உப்பு லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர். பேச்சித்தாயின் புருஷன் சின்ன வயதிலேயே செத்துப்போக, அவள் மகள் மாரிக்கனியைத் தோளில் சுமந்து வளர்த்தவர் அவர்தான். அந்த மாரிக்கனி வயசுக்கு வந்து சடங்கு வைத்தபோது, ஊருக்கெல்லாம் வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த பேச்சித்தாய், தம்பி வீட்டுக்கு மட்டும் ஆளனுப்பி நாளைச் சொல்லிவிட்டாள். என் தம்பியை நான் அழைக்கணுமா, இது அவன் வீட்டு விசேஷம்லா என்பது அவள் நினைப்பு. ஊருக்கெல்லாம் தாம்பூலம், தாய்மாமனுக்கு மட்டும் தகவலா என்பது முத்துமாலையின் பெண்டாட்டி பாக்கியத்தின் கேள்வி. இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான், அதனால்தான் அது தீரவில்லை. தாய்மாமன் இல்லாமலே சடங்கு நடந்தது, பிறகு தாய்மாமன் இல்லாமலே கல்யாணமும் நடந்து மாரிக்கனி திருப்பூருக்குப் போய்விட்டாள். அக்காவும் தம்பியும் எதிரெதிர் வாசலில் பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லாமல் இருந்தார்கள். அவள் தெருவில் இறங்கினால் அவர் உள்ளே போய்விடுவார். அவர் லாரியிலிருந்து வரும் சத்தம் கேட்டால் அவள் கதவைச் சாத்திவிடுவாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தற்செயலாக ஜன்னலைப் பார்த்தாள். எதிர்வீடு வெளிச்சமாயிற்று. அணைத்தாள், எதிர்வீடு இருண்டது. போட்டாள், அணைத்தாள். அங்கே முத்துமாலை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றில் கைவைத்தபடி தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்ததும், பாக்கியம் முடைந்துகொண்டிருந்த ஓலைப் பெட்டியை மடியில் போட்டுவிட்டு வாசலுக்கு வந்ததும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பேச்சித்தாய் சுவிட்சை அணைத்துவிட்டுத் தன் வெளிச்சத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள். அன்றைய சோறு தேனாக இனித்தது என்று அவளே பிற்பாடு ஜெயசீலியிடம் சொன்னாள்.

மறுநாளிலிருந்து இது ஒரு வேலையாயிற்று. தம்பி சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து அணைப்பாள். பாக்கியம் ஓலையை நனைத்து எடுத்து உட்காரும் நேரம் பார்த்து அணைப்பாள். முத்துமாலை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அரிக்கேன் விளக்கை ஏற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். பாக்கியத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. தெருவைப் பார்த்து நின்று, யாரையும் பெயர் சொல்லாமல், "சில பேருக்கு அடுத்தவன் சோத்துல மண்ணள்ளிப் போட்டாத்தான் தூக்கமே வருது" என்பாள். பேச்சித்தாய் உள்ளேயிருந்து, அவளும் யாரையும் பெயர் சொல்லாமல், "சில பேருக்கு வெத்தல பாக்கு வச்சு அழைச்சாத்தான் வெளிச்சமே வருது" என்பாள். நாங்கள் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு எங்கள் எங்கள் விளக்கடியில் உட்கார்ந்திருப்போம்.

இப்படியே இருந்திருந்தால் அது வெறும் குரோதம். ஆனால் குரோதத்துக்கும் ஆளைக் கண்காணிக்க வேண்டுமே. எப்போது அணைத்தால் அவருக்கு அதிகம் நோகும் என்று தெரிந்துகொள்வதற்காகப் பேச்சித்தாய் தம்பி வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க, பன்னிரண்டு வருடமாக அவளுக்குத் தெரியாமல் போனதெல்லாம் தெரிய ஆரம்பித்தது. லாரி வர நேரமானால் அவர் சட்டையைக் கழற்றாமலே படுத்துவிடுகிறார் என்று தெரிந்தது. வலது தோளைத் தூக்க முடியாமல் இடது கையால் சோற்றுத் தட்டை வாங்கிக்கொள்கிறார் என்று தெரிந்தது. பாக்கியத்துக்குக் காய்ச்சல் வந்த அன்று அவரே கஞ்சி வைத்ததும், அதில் உப்புப் போட மறந்ததும்கூடத் தெரிந்தது. அன்று அவள் விளக்கை அணைக்கவில்லை. மறுநாள் அணைத்துவிட்டு உடனே போட்டாள். அதற்கடுத்த வாரம், லாரி வரும் திசையில் ஹார்ன் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு, விளக்கைப் போட்டுவிட்டு ஜன்னலடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதோடு அவளுக்கு இருப்புக் கொள்ளாமல் போயிற்று. தை பிறந்து உப்பளம் திறந்ததும் பாத்தியில் நின்று பலகையை இழுக்கிறவள் திடீரென்று கையை விட்டுவிட்டு, சுவிட்சைப் போட்டேனா அணைச்சேனா என்று பக்கத்தில் இருப்பவளைக் கேட்பாள். பட்டப்பகலில் விளக்கு எரிந்தால் என்ன எரியாவிட்டால் என்ன என்று சொன்னாலும் கேட்கமாட்டாள், ஒரு சாக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். தண்ணீர்க் குடத்தைத் தொட்டியடியில் பாதி நிறைய விட்டுவிட்டு ஓடுவாள், கல்யாண வீட்டில் பந்தியில் பாதியில் எழுந்து ஓடுவாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தால், தூக்கத்துக்கு இடைஞ்சலாக இருக்குமோ என்று தவிப்பாள். அணைந்திருந்தால், எழுந்து நடந்து எதிலாவது இடித்துக்கொள்வானோ என்று தவிப்பாள். கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் கேட்கிற வாய்தான் இல்லையே.

ஜெயசீலி ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

"யக்கா, இதுக்குப் பேசாம தெருவத் தாண்டிப் போயி ஒரு வார்த்த பேசிரலாம்லா? தம்பிக்காவத்தான இந்த அலச்சலு?"

"தம்பிக்காவவா? நல்லாருக்கு கத. இருட்டுல விழுந்து கிழுந்து தொலச்சான்னா ஊரு என்னையல்லா சொல்லும். அதுக்காவத்தான் பாக்கேன்."

"சரி, ஊருக்காவத்தான்" என்றாள் ஜெயசீலி. பேச்சித்தாய் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் பேச்சித்தாய் வீட்டு விளக்கைத் தவறாமல் போட்டு அணைத்தவள் ஜெயசீலிதான்.

பாக்கியத்துக்கு இந்த மாற்றமெல்லாம் கண்ணில் படவில்லை. பட்டாலும் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. சோற்றில் இருட்டுப் போட்ட கை இன்றைக்கு வெளிச்சம் போட்டால் நாளைக்கு என்ன போடும் என்று யாருக்குத் தெரியும்? அவளே ஞானதிரவியத்துக்கு ஆளனுப்பினாள். அவரும் அதற்காகவே காத்திருந்தவர் மாதிரி ஓடிவந்தார், ஏனென்றால் எங்கள் குடியிருப்பு அவருடைய தொழிலுக்கே ஒரு கரும்புள்ளியாக நின்றது. லூப்பை எடுத்துவிட்டுப் பெட்டி முறைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றார். கடைசி இரண்டு வீட்டில் மாற்றிப் பார்த்ததில், அந்த விளக்குகள் சொந்த வீட்டுக்கு வரவில்லை, ஆனால் பழைய கையைவிட்டு விலகிவிட்டன. யார் கைக்கும் போகாமல் இரவும் பகலும் தன்பாட்டுக்கு எரிந்தன. மொத்தக் குடியிருப்பும் ஒரே முறைக்கு மாறினால்தான் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கை கிடைக்கும், பாதி பாதி நின்றால் சில விளக்குகள் அனாதையாகிவிடும் என்று ஞானதிரவியம் நாலைந்து நாள் யோசித்துச் சொன்னார். மாடிப்படிக்குப் போடுகிற மாதிரி ஒரு விளக்குக்கு இரண்டு சுவிட்சு வைத்தால் என்ன என்று ஒருத்தர் கேட்க, அதையும் ஒரு வீட்டில் செய்து பார்த்தார். அந்த விளக்கு இரண்டு வீட்டுக்குக் கட்டுப்பட்டது, இரண்டும் அதன் சொந்த வீடு இல்லை.

ஊர் லூப்புக் கட்சி, பெட்டிக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. விளக்குக்காரரோடு ஒத்துப்போனவர்கள் லூப்பு, ஒத்துப்போகாதவர்கள் பெட்டி. உப்பளத்திலும் தனித்தனி வரிசையாக நின்று வாரினார்கள். மீன்குழம்புக் கிண்ணங்கள் நின்றுபோயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியடியில் கூட்டம் போட்டோம். ஞானதிரவியம் பெட்டிகளை ஒரு சாக்கில் கட்டிக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முத்துமாலை வந்திருந்தார், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, தொட்டிச் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

பாக்கியம்தான் ஆரம்பித்தாள். "யாரு கைக்குப் போனாலும் சரி, அந்தக் கைய விட்டுப் போனாப் போதும். கண்டிப்பா பெட்டிதான் போடணும்."

பெட்டிக் கட்சிக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். லூப்புக் கட்சிக்காரர்களுக்கும் ஏறக்குறைய சலித்துவிட்டது, எப்படியாவது ஒன்று முடிந்தால் சரி என்று தலையை ஆட்ட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் பேச்சித்தாய் எழுந்தாள். சுவிட்சுத் தொல்லை விட்டது என்று அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். சொல்லப்போனால் அவளும் அப்படி நினைத்துத்தான் கூட்டத்துக்கு வந்திருந்தாள். பாக்கியம் சொன்ன 'யாரு கைக்குப் போனாலும்' என்ற வார்த்தைதான் அவளைக் கெடுத்துவிட்டது.

"யாரு கைக்குப் போனாலும்னா?" என்று கேட்டாள். "யாரு கைக்குப் போவும்? அவம் எப்ப வாரான், எப்பச் சாப்பிடுதான், எந்தத் தோளு வலிக்கி, அந்தக் கைக்குத் தெரியுமா? ஏதோ ஒருத்தி சீரியலு முடிஞ்சிட்டுன்னு அணச்சிட்டுப் படுத்துருவா. அவம் இருட்டுல வந்து நிப்பான். என் வீட்டுக்குள்ள பெட்டிய எடுத்துட்டு எவம் வாரான்னு நானும் பாக்கேன். அவம் விளக்கு எங்கிட்டதான் இருக்கும். அணச்சா நான்தான் அணைப்பேன், போட்டா நான்தான் போடுவேன். வேற எவ கையும் அதுல படப்படாது, சொல்லிட்டேன்."

குரல் கடைசியில் உடைந்தது. அவளுக்கே அது எதிர்பாராத விஷயம்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முத்துமாலை திரும்பாமலே சுவரைவிட்டு விலகி வீட்டைப் பார்த்து நடந்தார். பாக்கியம் வாயைத் திறந்து மூடிவிட்டு அவர் பின்னாலேயே போனாள். ஒரு வீடு மறுத்தாலும் ஒரு விளக்கு அனாதையாகிவிடும் என்பதால் ஞானதிரவியம், மாற்றிப் பார்த்த வீடுகளைப் பழையபடி லூப்புக்கே திருப்பிவிட்டு, சாக்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். போகிற வழியில், கரண்டைப் புரிஞ்சுக்கிடலாம், இந்த ஊர்க்காரங்களப் புரிஞ்சுக்கிட முடியாது என்று சொன்னதாகக் கேள்வி.

அதன் பிறகும் அக்காவும் தம்பியும் பேசவில்லை. பேசிவிடுவார்கள் என்று எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் நாங்கள்தான். அவர் லாரியிலிருந்து இறங்கித் தெரு முனைக்கு வரும்போது வீடு வெளிச்சமாயிற்று, அவர் படுத்ததும் அணைந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பாக்கியம் தெருவைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தினாள்.

மாசி முடிகிற நேரத்தில் திருப்பூரிலிருந்து போன் வந்தது. மாரிக்கனிக்கு இரண்டாவது பிரசவம். மூத்த பிள்ளைக்கு இங்கே வந்திருந்தாள்; இந்த முறை டாக்டர் பஸ்ஸில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், மாப்பிள்ளைக்குத் தாயும் இல்லை, பேச்சித்தாய்தான் போயாக வேண்டும். போனால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். மகளுக்காகக் கருப்பட்டியும் சுக்கும் கட்டி வைத்தாள், பையைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். சுவிட்சை என்ன செய்வது?

"சாவிய எங்கிட்டக் குடுங்க, ஒங்க தம்பி வெளக்க நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் ஜெயசீலி. ஊர் வழக்கப்படி சாவி விளக்குக்கு உரிய முத்துமாலையிடம் போகவேண்டும், பேச்சில்லாத வீட்டில் எப்படிக் கொடுப்பது? பேச்சித்தாய் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். போட்டுவிட்டுப் போனால் ராப்பகலாகக் கண்ணைக் குத்திக்கொண்டு எரியும், அவன் எப்படித் தூங்குவான்? அணைத்துவிட்டுப் போனால், பழைய ஆங்காரம் போகவில்லை, ஊருக்குப் போகும்போதும் இருட்டடித்துவிட்டுப் போகிறாள் என்று நினைப்பானே? சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாயிற்று. அவள் சுவிட்சுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டேயிருந்தாள். அன்று லாரி சீக்கிரமே வந்திருந்தது. எதிர்வீட்டு வெளிச்சத்தில் முத்துமாலை வாசற்படியில் உட்கார்ந்து காலில் ஒட்டிய உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பேச்சித்தாய் பையை வீட்டுக்குள் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள். அவர் எழுந்து உள்ளே போகவில்லை. அவள் தெருவைத் தாண்டினாள். நாங்கள் எல்லோரும் அவரவர் வாசலில் ஏதோ வேலை இருப்பதாகப் பாவனை செய்தோம்.

"நான் திருப்பூருக்குப் போறேன்" என்றாள், அவரைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்து. "வர ஒரு மாசத்துக்கு மேல ஆவும். வெளக்கப் போட்டுட்டுப் போகவா, அணச்சிட்டுப் போகவா?"

முத்துமாலை காலைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை. உள்ளே பாக்கியம் ஓலை கிழிக்கும் சத்தம் நின்றது.

"புள்ளைக்கு மாசம் ஒம்பதா?"

"ஒம்பது முடியப் போவுது."

அவர் தலையை ஆட்டினார். மற்றக் காலை இழுத்துவைத்துச் சுரண்டிக்கொண்டே, "அணச்சிட்டுப் போ" என்றார்.

பேச்சித்தாய்க்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இதற்கா தெருவைத் தாண்டினோம் என்று நினைத்தாள். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஒரு மாசம் இருட்டுலயா கெடப்ப?"

"அரிக்கேன் இருக்கு" என்றார் முத்துமாலை. பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "போட்டுட்டுப் போனீன்னா அதுபாட்டுக்கு எரிஞ்சிட்டுக் கெடக்கும். நீ திரும்பி வந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப ஒரு மாசம் நான் இருட்டுலயா பெட்டி முடையணும்?" என்று உள்ளேயிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. அதில் முன்பிருந்த காரம் இல்லை.

பேச்சித்தாய் தன் வீட்டுக்கு வந்து சுவிட்சில் கைவைத்தாள். ஆத்திரத்தில் எத்தனையோ முறை படபடவென்று அணைத்த சுவிட்சுதான். அன்றைக்கு அதை அணைக்க அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. எதிர்வீடு இருண்டதும் அந்த இருட்டுக்குள்ளிருந்து முத்துமாலை குரல் கொடுத்தார்.

"சரி, அணஞ்சிட்டு. போயிட்டு வாக்கா."